கோவளம் (செங்கல்பட்டு மாவட்டம்)

கோவளம், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கடலோர ஊர். திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. திருவனந்தபுரத்தை அடுத்தும் கன்னியாகுமரியை அடுத்தும் இதே பெயரில் ஊர்கள் உண்டு. அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிய சாலை வந்தபின் நகரத்தின் பக்கம் இழுக்கப்பட்ட மீனவக் கிராமம் என்றே இவ்வூரைப் பற்றி வழக்கமாக எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. கோவளத்தின் ஏற்ற இறக்கங்களைச் சென்னை தீர்மானிக்கத் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. சென்னைக்கு எட்டும் தூரத்தில், அதே சமயம் அதன் அதிகாரத்துக்கு வெளியே இருந்ததுதான் இவ்வூரை ஐரோப்பிய ஆவணங்களுக்குள் கொண்டுவந்தது. அழித்ததும் அதே அருகாமைதான்.

நிலஅமைப்பு இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்கே வங்கக் கடல், வடக்கே முட்டுக்காடு உப்பங்கழி, மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும் சதுப்பும். இவற்றுக்கு நடுவே கிடக்கும் மணல்மேட்டில் ஊர் அமைந்திருக்கிறது. கரை சற்றே கடலுக்குள் நீண்டிருப்பதால் சிறு முனை ஒன்று உண்டு. இதை வைத்துக்கொண்டு கோவளத்தை இயற்கைத் துறைமுகம் என்று வருணிப்பவர்கள் உண்டு. ஆனால் உப்பங்கழியின் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்துதான் அது நன்றாகத் திறக்கும். அன்றைய பெரிய கப்பல்கள் அதற்குள் நுழைய வழியில்லை. சென்னையில் செய்ததுபோலவே கடலில் தள்ளி நங்கூரமிட்டு, சரக்கையும் ஆளையும் படகில்தான் கரைசேர்க்க வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையின் எத்தனையோ ஊர்களுக்கு இல்லாத வசதி எதுவும் கோவளத்துக்கு இல்லை.

அப்படியானால் வணிகர்கள் ஏன் வந்தார்கள்? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையின் நல்ல இடங்களுக்கெல்லாம் உரிமையாளர் இருந்தனர். சென்னை ஆங்கிலேயரிடமும், சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரரிடமும், புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும் இருந்தன. தாமதமாக வந்தவர்களுக்கு இடைவெளிகள்தாம் மிச்சம். அப்படித் தாமதமாக வந்தவர்கள் ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட பிளாண்டர்ஸ் நாட்டின் ஆஸ்டெண்டு வணிகர்கள். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் ஆட்சியில், 1719 வாக்கில் அவர்கள் கோவளத்தில் இடம் பெற்றனர். நவாபின் பெயரால் இவ்வூர் சாதத்பட்டணம், சாதத் பந்தர் எனவும் வழங்கியது. 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இவர்களின் வணிகத்தை ஆஸ்டெண்டு கம்பெனியாக்கிப் பட்டயம் கொடுத்தார். வங்காளத்தில் பாங்கிபஜார், தெற்கே கோவளம் என இரண்டு இடங்களில் அது கால் ஊன்றியது. சென்னையின் துணி வணிகத்துக்குச் சரக்கு கொடுத்த அதே நெசவு ஊர்கள் எட்டும் தொலைவில் இருந்தன. ஆங்கிலேயரின் சுங்கமும் தடையும் மட்டும் இல்லை. கடைத்தெருவுக்கு அருகே, வரி எல்லைக்கு அப்பால் கடை போடுவதைப் போன்ற ஏற்பாடு இது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஐரோப்பிய அரசவைகளில் கொடுத்த நெருக்கடியால் 1727இல் அந்தக் கம்பெனி நிறுத்திவைக்கப்பட்டு 1731இல் கலைக்கப்பட்டது.

கோவளத்தில் இருந்த கோட்டையைப் பற்றிய குழப்பத்துக்கு இங்கேதான் வேர் இருக்கிறது. 1974இல் திறக்கப்பட்ட தாஜ் விடுதி டச்சுக் கோட்டையின் இடிபாடுகள் மேல் நிற்கிறது என்று சுற்றுலா ஏடுகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. டச்சுக் கோட்டை தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் பார்க்கும்படி நிற்கிறது. கோவளத்துக்காக நடந்த சண்டைகளில் பெயர் அடிபடுபவர்கள் நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயருமே. கடலோரக் கோட்டையைக் கட்டியவர் நவாப் அன்வருத்தீன் கான் என்று ஆங்கில அரசின் விவரச் சுவடி குறிக்கிறது. ஆஸ்டெண்டு வணிகர்கள் பேசிய பிளெமிய மொழி டச்சு மொழியின் கிளை. அவர்களைப் பிற்காலத்தார் டச்சுக்காரரோடு சேர்த்து எண்ணியிருக்க வேண்டும். கம்பெனியை ஒழிக்கப் பாடுபட்டவர்களின் பெயரே அதன் ஊருக்கு ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான். அன்வருத்தீன் கட்டுமுன்பே அங்கு ஏதோ அரண் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். பண்டசாலைக்குச் சுற்றுமதில் இருப்பது இயல்பு. அதைக் கோட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் மடிந்தபின் கோட்டை கைமாறியது. 1750இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கோவளத்துக்கு எதிரே நின்று ஆபத்து அறிவிப்புக் கொடுத்தது. மாலுமிகள் ஸ்கர்வி நோயில் சாகிறார்கள், கரையில் இடம் கொடுங்கள் என்று கேட்டனர். இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்ட காவலர்களை, நோயாளிகளாக வந்தவர்கள் இரவில் மறைத்துவைத்த ஆயுதங்களோடு மடக்கிக் கோட்டையைப் பிடித்தனர். 1752இல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியப் புதுச் சிப்பாய்களுடனும் 500 இந்தியச் சிப்பாய்களுடனும் வந்தார். அந்தப் புதியவர்கள் முதல் குண்டுச் சத்தத்திலேயே சிதறி ஓடினர். ஒருவர் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டார் என்றுகூட வரலாற்றாசிரியர் ஓர்ம் வழியாகக் கதை வந்திருக்கிறது. ஆனாலும் கோட்டை சரணடைந்தது. செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையைக் கிளைவ் வழிமறித்து முறியடித்தார். 1746இல் சென்னையைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர் கொண்டுபோன பீரங்கிகள் கோவளக் கோட்டைக்குள் கிடைத்தன. வென்ற கோட்டையில் ஆங்கிலேயர் காவல் போடவில்லை, வெடிவைத்துத் தகர்த்தனர். தமக்குப் பயனில்லாத, பகைவர் கையில் இருந்தால் சென்னைக்கு ஆபத்தான இடமாகவே அவர்கள் கோவளத்தை எடைபோட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கடற்கரையின் பட்டினவர் மீனவர்கள் சென்னைக் கோட்டை எழுந்ததால் கடலுக்குப் போகத் தொடங்கியவர்கள் அல்லர். கழியில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்களும் அப்படியே. கோவளத்தின் தமீம் அன்சாரி தர்காவில் அடங்கியிருப்பவர் நபிகளின் தோழர் என்றும், அவரது உடல் பேழையில் கடல்வழி மிதந்து வந்தது என்றும் நம்பிக்கை. சற்றுத் தெற்கே திருவிடந்தையில் 108 திருப்பதிகளுள் ஒன்றான நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது. இவை எல்லாம் கம்பெனிகளுக்குக் கடன்படாதவை. மறுப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்: கோவளத்தின் இருப்புக்குச் சென்னை காரணமன்று. ஆனால் வெளியிலிருந்து வந்து இங்கே கட்டப்பட்டவை, இடிக்கப்பட்டவை அனைத்திலும் சென்னையின் கை தெரிகிறது. 1808இல் கார்மேல் மாதா கோயிலைக் கட்டிய ஜான் டி மாண்டி சென்னையின் போர்த்துகீசிய வணிகர். அவர் அடக்கமானது அந்தக் கோயிலில்தான். ஆழ்வார்ப்பேட்டையின் டிமாண்டி காலனி அவர் பெயரைத் தாங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களின் உப்பு கால்வாய்ப் படகுகளில் நகரத்துக்குப் போனது. ஐ.டி. நெடுஞ்சாலை வந்தபின் அவ்வுப்பளங்கள் சுருங்கின. 2004 ஆழிப்பேரலை மீனவக் குடியிருப்பைத் தாக்கியது. 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகின்றனர். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மழைநீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. இந்த உப்பங்கழிப் பகுதியில் சென்னைக் குடிநீருக்காக நன்னீர்த் தேக்கம் அமைக்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது. கழியை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள் அதை எதிர்க்கின்றனர்.