முதலூர் தந்த அடைக்கலம்

புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். புதிதாக வந்த குடும்பம் நிலைத்து நிற்கப் பெயர்ப் பதிவு மட்டும் போதாது. லயத்தில் ஒரு வீடு வேண்டும். கூப்பிட்டால் ஓடிவர அண்டை வீட்டார் வேண்டும். புதிதாக ஒரு சமயத்தில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைத் தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமை வரலாறு காட்டுகிறது.

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ சபையின் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேரே. அவர்களுள் முன்னின்ற குளோரிந்தா என்ற கைம்பெண்ணின் முயற்சியால் 1785இல் அங்கே ஒரு கோயில் எழுந்தது. பிற்பாடு, தஞ்சாவூரில் பயின்ற தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் தம் சொந்தச் சீமைக்குத் திரும்பி, பனைத்தொழில் செய்த மக்களிடையே போதித்தார்.

அங்கே சபையில் சேர்ந்தவர்களுக்குக் கோயில் பழக்கமே கிடையாது. ஆனால் ஊர்ப் பகை மட்டும் உடனே வந்தது. ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் துன்புறுத்தப்பட்டன. தாவீது அவர்களுக்கு ஆறுதல் சொன்னதோடு நிற்கவில்லை. 1799இல் நிலம் வாங்கி, அவர்களைக் குடியமர்த்தினார். கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் ஆகையால் அதற்கு முதலூர் என்று பெயர்.

1802, 1803ஆம் ஆண்டுகளில் அச்சீமையில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் இத்தனை பேருக்கும் கற்பிக்கப் போதகர்கள் ஏது? உபதேசியார்களும் போதவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலர் பழைய வழிபாட்டுக்கே திரும்பினர். அவர்களைக் குறை சொல்வது எளிது. பெயரை எழுதிக்கொண்டவர்கள் மறுபடி வந்து பார்க்கவில்லையே! முதலூர், நாசரேத் போன்ற ஊர்களிலோ, மக்கள் கூடி வாழ்ந்ததால் சபை குலையாமல் நின்றது.

1816இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் பள்ளிகளைத் திறந்தார். 1820இல் வந்த ரேனியஸ் ஐயர் உபதேசியார்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பினார். துன்புற்ற புதியவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கித் தர 1830இல் தர்ம சங்கம் தொடங்கினார். அதன்பின் சபைகள் வேரூன்றின.

நேயர்களே, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகும் நம் குடும்பங்களும் ஓரிடத்தில் புதியவர்களே. தேவாலயமோ, கோயிலோ, இளைஞர் மன்றமோ, எங்கே சேர்ந்தாலும் சரி. இன்று கைகுலுக்கியவர் அடுத்த வாரம் வீடு தேடி வருகிறாரா, பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறாரா என்று பாருங்கள். நாம் பழையவர்களாக இருக்கும் இடத்தில், அந்த வேலை நம்முடையது.