வீட்டில் இரவு தங்குபவர் யார்?

திருமலைராயன்பட்டினத்திலிருந்து நாகூர் செல்லும் சாலையில் வாஞ்சூரைத் தாண்டினால், ஒரு காலத்தில் அரசு மாறியது. அதனோடு குடும்பச் சட்டமும் மாறக்கூடும். வடக்கே பிரெஞ்சியரின் காரைக்கால். தெற்கே ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். எல்லையின் இரு புறமும் ஒரே மொழி, ஒரே திருப்பலி. ஆனால் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தால், அவர்கள் நிற்கும் நீதிமன்றத்தின் கண்கள் ஒன்றல்ல.

பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு 1804-இல் பிறந்து, 1819-இல் புதுச்சேரிப் பகுதிகளில் பறைசாற்றப்பட்டது. இந்தியர் தத்தம் வழக்காறுகளிலேயே நிற்கலாம் என்ற விலக்கும் உடன் வந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைக்குப் பின், தம் பழைய சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றாயிற்று. அவ்வாறு ஏற்றவர்களே 'ரெனோன்சான்கள்'. கிறிஸ்தவர் பலர் அவர்களுள் இருந்தனர். சாதி வழக்காற்றின் பிடியிலிருந்து விடுபடும் வாயிலாகப் பலருக்கு அது தோன்றியது.

அவர்கள் ஏற்ற நூலில் 230-ஆம் விதி இன்று படிப்போரைத் திடுக்கிட வைக்கும். மனைவி பிறன்பால் சென்றால், அதுவொன்றே கணவன் மணவிலக்குக் கேட்கப் போதும். கணவன் தவறினாலோ, அவன் தன் ஆசைநாயகியைக் குடும்ப வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தால்தான் மனைவி வழக்காட முடியும். அடுத்த தெருவில் வைத்திருந்தால் சட்டத்துக்குக் கண் தெரியாது! பிரான்சில் 1816-இல் மணவிலக்கே ஒழிக்கப்பட்டபோதும், பிரிந்து வாழும் தீர்ப்புக்கு இதே காரணங்கள்தாம் நின்றன. 1884-இல் மணவிலக்கு மீண்டபோதே இந்த ஏற்றத்தாழ்வு உரிமையியல் சட்டத்திலிருந்து நீங்கியது. தண்டனைச் சட்டத்திலோ அது 1975 வரை நீடித்தது: மனைவிக்குச் சிறை, வீட்டுக்குள் ஆசைநாயகியை வைத்த கணவனுக்கு அபராதம் மட்டும்.

எல்லைக்குத் தெற்கே நிலை மேலானதென்று எண்ணிவிட வேண்டா. 1869-ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டத்தில், கிறிஸ்தவ மனைவி கணவனின் தவற்றோடு கொடுமையையோ கைவிடுதலையோ வேறொரு குற்றத்தையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இது திருந்த 2001 வரை காத்திருந்தோம்.

ஆக, இரவில் வீட்டுக்குள் யார் தங்கலாம் என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. அன்று அது குடும்பத்தின் மானத்தைக் காக்கக் கேட்கப்பட்டது. அந்த வீட்டில் உறங்கும் குழந்தையை 230-ஆம் விதி எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் அதே தொகுப்பின் 302-ஆம் விதி, பிள்ளைகள் பொதுவாக வழக்கில் வென்றவரிடம் சேர்வர் என்று சொல்லிவிட்டு, அவர்களின் பெருநன்மை கருதி மற்றவரிடமோ மூன்றாமவரிடமோ ஒப்படைக்கலாம் என்றும் இடம் வைத்தது. பிற்காலத்தில் வளர்ந்த மரத்தின் வித்து அங்கேயே கிடந்தது என்பேன்.

அமெரிக்காவில் இக்கேள்வி குழந்தையின் பெயராலேயே கேட்கப்படுகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் இரவுகளில், தாயோ தந்தையோ உறவு கொண்டுள்ள, மணம் செய்யாத ஒருவர் அங்கே தங்கக் கூடாது என்னும் நிபந்தனை டெக்சாஸ், டென்னசி போன்ற மாநிலங்களின் மணவிலக்குத் தீர்ப்புகளில் காணப்படுகிறது. இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1979-இல் ஜாரெட் வழக்கில், மணமாகாத துணைவரைத் தன் வீட்டில் குடியிருக்கச் செய்த தாயிடமிருந்து மூன்று பெண்மக்களையும் தந்தையிடம் மாற்றியது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று இல்லை; தீங்கு நேரக்கூடும் என்ற எண்ணமே போதுமானதாயிற்று.

அந்நிபந்தனையின் நோக்கத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிரிவின் புண் ஆறுமுன் புதிய முகமொன்று காலையில் உணவு மேசையில் அமர்ந்திருப்பதைக் காணும் சிறுவனின் கலக்கம் பொய்யன்று. ஆனால் மணம் முடித்துக்கொண்டால் தடை நீங்கிவிடுகிறதே! அவசரமாக இரண்டாம் மணத்தை நோக்கித் தள்ளுவதா குழந்தைக்கு நலம்? முதல் திருமணப் பிணைப்பு திருச்சபையின் முன் இன்னும் நிலைத்திருப்பதாக ஏற்கும் கத்தோலிக்கருக்கு, அந்த வழியும் மனச்சான்றில் அடைபட்டுள்ளது.

நம் நாட்டுச் சட்டத்தில் இத்தகைய எழுதப்பட்ட விதி இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து எழுந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கில், ரோசி ஜேக்கப் வழக்கென்று அறியப்படுவதில், உச்ச நீதிமன்றம் 1973-இல் பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்னும் கருத்தை நிலைநாட்டியது. பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் 2021-இல், திருமணத்துக்கு வெளியே உறவு உண்டென்ற குற்றச்சாட்டு ஒன்றையே கொண்டு ஒருத்தி நல்ல தாயல்லள் என முடிவு கட்ட இயலாதென்றது. அவ்வழக்குகளில் குற்றச்சாட்டுப் பெரும்பாலும் தாயின்மீதே வீசப்படுவதையும் நாம் கவனிக்க வேண்டும்; 1804-இன் நிழல் அத்தனை எளிதில் விலகவில்லை.

குழந்தையிடமே கேட்க ஒரு வழியும் உண்டு. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அறிவோடு விருப்பம் சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. நீதிபதி தம் தனியறைக்குப் பிள்ளையை மட்டும் அழைத்துப் பேசும் வழக்கமும் இருக்கிறது. தாயும் தந்தையும் அப்போது கதவுக்கு வெளியே, தனித்தனி நாற்காலிகளில் காத்திருப்பர்.