ஓட்டக்காரன் காலும் உருவிவிடும் கையும்

பழைய யவன தேசத்தில் ஒலிம்பியாப் பந்தயத்துக்கு வந்த வீரர்கள், நடுவர்களின் கண்பார்வையில் ஈலிஸ் நகரத்திலே 30 நாள் அப்பியாசம் செய்து முடித்தபின், அங்கிருந்து ஏறக்குறைய 58 கிலோமீட்டர் தூரமுள்ள புனித வீதியை இரண்டு நாளில் ஊர்வலமாக நடந்தே கடந்தார்கள். கோடையின் உச்சத்தில் புழுதி பறக்கும் அந்த வழியில் வந்தவர்களுள் மல்லனுக்கும் வட்டெறிபவனுக்கும் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இராது. ஆனால், கி.மு. 720-இல் பந்தயங்களுள் சேர்க்கப்பட்ட 'தொலிகோஸ்' என்னும் நெடுந்தூர ஓட்டத்தில், 192 மீட்டர் நீளமுள்ள திடலை ஏழு தடவை என்றும் 24 தடவை என்றும் பழைய ஆசிரியர்கள் பலவாறாகச் சொல்லுகிற கணக்கில் மேலும் கீழுமாக ஓடித் தீர்க்கவேண்டியிருந்தவனுக்கு, கெண்டைச்சதை இறுகி, தொடையிலே வலி குடிகொண்டிருக்கும்போது, பந்தயம் இன்னும் ஓரிரு நாளில் என்பது எத்தனை பெரிய மனக்கிலேசம் என்று ஓடி அறிந்தவர்களுக்கே தெரியும். அந்தக் காலை அந்தச் சில நாட்களில் என்ன செய்வது என்ற கேள்வி பந்தயத்தோடு கூடவே பிறந்த கேள்வி. அதற்கு மனிதர்கள் கண்ட விடைகளின் சரித்திரத்தைப் பார்க்கையில், மிக நுட்பமாக அறிந்திருந்த ஒரு விஷயம் மறந்துபோய், வெகுகாலம் கழித்து வேறொரு பாஷையில் மறுபடியும் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுகிறது.

யவனர்களின் பயிற்சிக்கூடத்தில் எண்ணெய் இல்லாமல் ஒரு காரியமும் நடந்ததில்லை. மணிக்கட்டில் தோல்வாரைக் கோத்துத் தொங்கவிட்ட உருண்டையான சிறு குப்பியில் ஒலிவ எண்ணெயைக் கொண்டுவந்து உடம்பெங்கும் பூசிக்கொள்வதும், அப்பியாசம் முடிந்ததும், எண்ணெயும் வியர்வையும் மண்ணும் கலந்து தோலின்மேல் படிந்த கசட்டைப் பிறை வடிவாய் வளைந்த வெண்கலச் சுரண்டியால் கழுத்திலிருந்து குதிகால் வரையில் வழித்தெடுப்பதும் நித்திய வழக்கங்கள். கூடத்தின் தலைமையை ஏற்ற தனவந்தர் எண்ணெய்ச் செலவைத் தம் சொந்தப் பொருளிலிருந்து கொடுப்பது பெரிய தர்மமாக மதிக்கப்பட்டபடியால், அப்படிக் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டு இன்றைக்கும் கிடைக்கின்றன. வழித்தெடுத்த கசடுகூட வீண்போகவில்லை. அதை மருந்தென்று நம்பி வாங்கினார்கள் என்றும், கூடத்து அதிகாரிகள் 80,000 செஸ்டர்ஸ் காசுக்கு அதை விற்றார்கள் என்றும் ரோமாபுரி அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். இத்தகைய சூழ்நிலையில், எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர், காலக்கிரமத்தில் வீரனுடைய ஆகாரம், உறக்கம், அப்பியாசம் அனைத்துக்கும் பொறுப்பான ஆசானாகவே உயர்ந்துவிட்டது இயற்கையே. தினந்தோறும் ஒருவன் உடம்பைத் தொட்டு அறிகிறவருக்கு அவனுடைய உண்மையான நிலை அவனைக் காட்டிலும் முன்னதாகத் தெரிந்துவிடுகிறது.

இந்தத் தொழிலைச் சாஸ்திரமாக்கியவர் காலென். பெர்கமம் என்னும் ஊரில் கி.பி. 129-இல் பிறந்து, 157-இல் அவ்வூர் வாள்வீரர்களுக்கு வைத்தியராக நியமனம் பெற்ற அவர், சேதப்பட்ட உடம்புகளை நேரிலே பார்த்தவர். ஆரோக்கியத்தைக் காப்பது பற்றி ஆறு பாகங்களில் அவர் எழுதிய நூலில், தேய்த்துவிடுவதைப் பற்றி மட்டும் எத்தனை பக்கங்கள்! அழுத்தமாகவா, மென்மையாகவா, நடுத்தரமாகவா என்று மூன்றும், கொஞ்ச நேரமா, அதிக நேரமா, மிதமாகவா என்று மூன்றும் வைத்து, அவற்றைப் பெருக்கி ஒன்பது வகையாக அவர் பகுத்திருப்பது வெறும் கணக்கு விளையாட்டன்று. அப்பியாசத்துக்கு முன்னே முதலில் மெல்லிய துணியால் உடம்பைத் தேய்த்து, பிறகு எண்ணெய் விட்டுக் கையால், தோல் சிவந்து இளகும் வரையில், நீளவாக்கிலும் குறுக்கிலும் சாய்வாகவும் மாறி மாறித் தேய்க்கவேண்டும், எந்தத் தசைநாரும் விட்டுப்போகலாகாது என்று அவர் விதிக்கும்போது, அந்தக் கையை நாம் கண்ணெதிரே காண்கிறோம். அப்பியாசத்துக்குப் பின்னே தேய்ப்பதற்கு அவர் வேறு நோக்கமும் வேறு முறையும் சொல்லுகிறார். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

ஆயினும் அவருடைய புத்தியின் உச்சத்தை நான் காண்பது களைப்பைப் பற்றிய பகுதியிலேதான். அயர்ந்த சரீரங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்று கண்டு, தொட்டால் புண்பட்டதுபோல நோவது ஒன்று, நாரை இழுத்துக் கட்டியதுபோல விறைத்து நிற்பது ஒன்று, அடிபட்டதுபோலச் சூடேறி வீங்கி வலிப்பது ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பரிகாரம் சொல்லுகிறார். விறைத்ததற்கு ஓய்வும், வெதுவெதுப்பான எண்ணெயால் மெல்லத் தேய்ப்பதும், வெந்நீரும் தகும் என்றும், வீங்கியதை மிக மிக மென்மையாகவே தொடவேண்டும் என்றும் அவர் சொல்வதன் சாரம், வலி இருக்கும் இடத்தில் பலத்தைக் காட்டாதே என்பதுதான். அவர் கூறிய காரணங்கள், அதாவது சரீரத்தில் தங்கும் கெட்ட ரசங்களைப் பற்றிய சித்தாந்தம், இன்று நிற்பவை அல்ல. கையால் கண்டறிந்த பேதங்களோ நிற்கின்றன. நம் நாட்டு வாக்படரும் அஷ்டாங்க ஹிருதயத்தில், பலசாலியானவன்கூடக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தன் சக்தியில் பாதியளவுக்கே அப்பியாசம் செய்யலாம் என்றும், செய்தபின் உடம்பை நோகாதபடி எல்லாப் பக்கமும் பிடித்துவிடவேண்டும் என்றும் விதித்திருப்பது, தனித்தனியே அனுபவத்தில் தேர்ந்த இரண்டு மரபுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததைக் காட்டுகிறது.

உடம்பைத் தொட்டு அறியாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்களும் அக்காலத்திலேயே இருந்தார்கள். நாலு நாள் கொண்ட ஒரு சுற்றை வகுத்து, முதல் நாள் ஆயத்தம், இரண்டாம் நாள் உக்கிரமான உழைப்பு, மூன்றாம் நாள் தளர்வு, நாலாம் நாள் மிதம் என்று யாரானாலும் எந்த நிலையிலானாலும் அதன்படியே நடத்துகிற வழக்கத்தை, தேகப்பயிற்சியைப் பற்றித் தனி நூல் செய்த பிலாஸ்திராத்தஸ் கண்டிக்கிறார். ஒலிம்பியாவில் வென்ற கெரெனஸ் என்ற மல்லன் வெற்றி விருந்துக்கு மறுநாள் தலை கனத்துக் கிடந்தபோது, தன்னால் இயலவில்லை என்று சொல்லியும் கேளாமல், ஆசான் கோபித்துச் சுற்றின் முறைப்படி அப்பியாசத்துக்கு இழுத்துவிட, அவன் அந்தப் பயிற்சியிலேயே உயிர் விட்டான் என்று அவர் வருத்தத்தோடு எழுதுகிறார். பந்தயத்துக்கு முந்திய வாரத்தில், அட்டவணையில் போட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நோகும் காலோடு நெடுந்தூரம் ஓடுகிற பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மல்லனின் நினைவு வருகிறது.

கி.பி. நாலாம் நூற்றாண்டின் முடிவோடு ஒலிம்பியாப் பந்தயங்கள் ஓய்ந்தன. காலெனுடைய ஏடுகள் வைத்தியர்களிடம் தங்கின. 1569-இல் இத்தாலிய வைத்தியர் மெர்க்கூரியாலே பண்டைத் தேகப்பயிற்சியைப் பற்றி நூல் வெளியிட்டபோது அந்த அறிவு புத்தகமாக மீண்டதேயன்றிக் கைக்கு வரவில்லை. 1809 ஜூன் 1 முதல் ஜூலை 12 வரையில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் மணிக்கு ஒரு மைல் வீதம் 1000 மணி நேரத்தில் 1000 மைல் நடந்து பந்தயம் வென்ற காப்டன் பார்க்லேயின் கால்வலி நாளுக்கு நாள் ஏறியதை, 1813-இல் வெளிவந்த வால்டர் தாமின் நூல் குறித்திருக்கிறது. அதே 1813-இல் ஸ்டாக்ஹோமில் லிங் என்பவர் தேகப்பயிற்சிக் கழகத்தை நிறுவினார். ஆம்ஸ்டர்டாமில் மெட்ஸ்கர் என்ற வைத்தியர் சுளுக்கிய பாதத்தைத் தேய்த்தே குணப்படுத்துவதைப் பற்றி 1868-இல் தம் பட்டத்துக்கான ஆராய்ச்சியை எழுத, தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று அவர் வழியினர் வகுத்த முறைகள் ஐரோப்பா முழுதும் பரவின. பின்லாந்துக்காரர்கள் இதைத் தங்கள் வெந்நீராவிக் குளியலோடு இணைத்துக்கொண்டு, 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் கிராமத்திலும் அந்த ஆவியறையைக் கொண்டிருந்தார்கள். அவ்வாண்டு 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்று பதக்கங்களும் அவர்களுக்கே போயின. ஆவியறைதான் பதக்கம் தந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் இளகிய தசையோடு களத்துக்கு வருவதை ஒரு தேசமே தன் வழக்கமாக வைத்திருந்தது கவனிக்கத்தக்கது.

1897 ஏப்ரல் 19-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் முதன்முதலாக மாரத்தான் ஓட்டம் நடந்தது. வென்றவர் நியூயார்க்கிலிருந்து வந்த மெக்டெர்மாட். ஓடிக்கொண்டிருக்கையில் காலைப் பிடித்துக்கொள்ளவே, அவர் நின்று, உடன் வந்தவர்களைக் கொண்டு தேய்த்துவிடச் செய்து, பிறகு ஓடி 2 மணி 55 நிமிடம் 10 விநாடியில் முடித்தார். அதே நகரத்தில் அக்காலத்தில் இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அடுத்த சில ஆண்டுகளில் தியோடர் ஹஃப் என்ற உடலியல் ஆசிரியர் இந்த வலியின் மூலத்தைத் தேடலானார். பழக்கமில்லாத ஒரு விரலைக் கருவியில் மாட்டித் திரும்பத் திரும்ப மடக்கச் செய்து, உடனே தோன்றி உடனே மறையும் அயர்ச்சி வேறு, பல மணி நேரம் கழித்துத் தலைகாட்டி இரண்டாம் நாளில் உச்சத்துக்கு ஏறும் நோவு வேறு என்று பிரித்தார். பின்னதற்குக் காரணம் தசைக்குள்ளே ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே என்று 1902-இல் வெளியிட்டார். காலென் கையால் பிரித்ததைக் கருவியால் பிரித்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

ஆனால் உலகம் அவரைக் கேட்கவில்லை. 1907-இல் கேம்பிரிட்ஜில் பிளெச்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேருவதைக் காட்டியதும், ஹில்லும் மேயர்ஹாப்பும் தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றதும், பெரிய சாதனைகள்தாம். இருந்தாலும் அவற்றிலிருந்து ஓட்டக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம், இரண்டு நாள் கழித்து நோகும் காலில் அமிலம் தேங்கியிருக்கிறது, அதைப் பிசைந்து பிழிந்து வெளியேற்றவேண்டும் என்பதாக ஆகிவிட்டது. இந்த நம்பிக்கையால் எத்தனை கெண்டைச்சதைகள் பந்தயத்துக்கு முந்திய நாள் கட்டைவிரலால் குத்திக் கசக்கப்பட்டன என்று நினைத்தால் மனம் நோகிறது. உண்மையிலே அந்த அமிலம் ஓட்டம் நின்ற ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. 1981-இல் சுவீடனில் பிரிடெனும் அவருடைய சகாக்களும் படியிறங்கி நோவுற்றவர்களின் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நார்களின் இணைப்புக் கோடுகள் கலைந்து சிதைந்திருக்கக் கண்டார்கள். 1983-இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், இறக்கத்தில் ஓடினவர்களுக்கு அமிலம் ஏறாமலே கால் நொந்தது. சமதளத்தில் ஓடினவர்களுக்கு அமிலம் ஏறியும் நோவு வரவில்லை. 80 ஆண்டுகளுக்கு முன் ஹஃப் சொன்னது இப்படி நிலைநாட்டப்பட்டது.

தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் இந்தச் சிதைவு அதிகம் நேருகிறது என்றும், அப்படி ஒருமுறை நொந்து தேறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவாக நோவதில்லை என்றும் இப்போது தெரியும். ஓட்டத்துக்கு முன் காலை நீட்டி மடக்குவதால் பின்னால் வரும் நோவு மிகச் சொற்பமாகவே குறைகிறது என்றும், உருவிவிடுவதால் நோவு ஓரளவு தணிகிறதேயன்றி வேகம் கூடுவதாகத் தெளிவில்லை என்றும் ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. பாஸ்டன் ஓட்டம் 1924 முதல் ஹாப்கின்டன் கிராமத்தில் தொடங்குகிறது. அந்த இடம் முடிவிடத்தைவிட ஏறக்குறைய 140 மீட்டர் உயரமானது. ஆரம்பத்து மைல்களிலேயே பாதை சரிந்து இறங்கி முன்தொடையைச் சோதிக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சில வாரங்களுக்கு முன்னதாகவே இறக்கங்களில் ஓடிக் காலைப் பழக்கிவிட்டு, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி வாரத்தில் இறக்கத்தின் பக்கமே போவதில்லை. கால் விறைத்திருந்தால் சிறிது தூரம் மெதுவாக ஓடி, வெந்நீர் விட்டுக்கொண்டு, மேலோட்டமாக நீவிவிடச் சொல்வார்கள். ஒரே இடத்தில் சூடும் வீக்கமும் தென்பட்டால் அந்த இடத்தைத் தொடவிடாமல் வைத்தியரிடம் காட்டுவார்கள்.