நானூறு கார், சாவி மட்டும் இல்லை

உங்களிடம் எத்தனை கார் இருக்கிறது? ஒன்று? அதுவும் பேங்க் லோனில்? விடுங்கள். கார் ரேஸ் வீடியோ கேம் ஆடுகிற பையன் யாரையாவது கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'நானூறு இருக்கு அங்கிள்' என்பான், அலட்டிக்கொள்ளாமல். ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி என்று வரிசையாக ஒப்பிப்பான். இந்தச் சிவப்புக்கு நான்தான் பெயின்ட் அடித்தேன், அந்த நீலத்துக்கு டர்போ மாற்றினேன் என்பான். பொய் இல்லை. ராத்திரியெல்லாம் கண் முழித்து ஓட்டி, ஜெயித்து, காசு சேர்த்து வாங்கிய கார்கள். என்ன, பெட்ரோல் போட வேண்டாம். நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

சரி, அந்த நானூறு காரும் யாருடையது?

பி.காம். படித்த ஆசாமிக்கு இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் தூக்கம் போச்சு. ஐந்தொகையில் இடது பக்கம் பொறுப்பு, வலது பக்கம் சொத்து. இந்தக் கார்களை எந்தப் பக்கம் எழுதுவது? பதில் வேண்டுமென்றால் 1997ம் வருட ஜப்பானுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

அந்த வருடம் டிசம்பர் 23ம் தேதி, சோனியின் பிளேஸ்டேஷனுக்காக ஒரு புது ஆட்டம் வெளியானது. பெயர், கிரான் டூரிஸ்மோ. செய்தவர் கஸுனோரி யாமாவுச்சி. வயது முப்பது. கார் பைத்தியம். ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் இதையே கட்டிக்கொண்டு மாரடித்திருந்தார்.

அதுவரை பெரும்பாலான கார் ஆட்டங்களில் நடந்தது இவ்வளவுதான். ஒரு காரைக் கொடுப்பார்கள். ஓட்டலாம், இடிக்கலாம், கவிழலாம். ஆட்டம் முடிந்தால் காரும் போயிற்று. யாமாவுச்சியின் யோசனை வேறு. கார் என்ன, ஓட்டுவதற்கு மட்டுமா? தேடிப் பிடித்து வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றுவதில் ஒரு சுகம். துடைத்து நிறுத்திவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்ப்பதில் இருப்பது சுகத்திலெல்லாம் பெரிய சுகம்.

எனவே அவருடைய ஆட்டத்தில் நுழைந்ததும் உங்கள் கையில் பத்தாயிரம் கிரெடிட் இருக்கும். அவ்வளவுதான் மூலதனம். அதை வைத்துக்கொண்டு கனவுக் காரை எல்லாம் வாங்க முடியாது. செகண்ட் ஹாண்ட் கடைக்குப் போய்ப் பழைய வண்டி ஒன்றைப் பிடிக்க வேண்டும். பெரிய பந்தயத்துக்குப் போக வேண்டுமா? முதலில் லைசென்ஸ் டெஸ்ட் எழுது, அதாவது ஓட்டு. ஜெயித்த காசில் டர்போ வாங்கு. கியரை மாற்று. சஸ்பென்ஷனைத் திருத்து. எடையைக் குறை. காசு மிச்சமிருந்தால் அடுத்த கார்.

கொஞ்சம் யோசித்தால், ஆட்டமே இல்லை இது. ஒரு குடும்பஸ்தன் படுகிற பாடு. ஆனால் மக்கள் விழுந்து விழுந்து ஆடினார்கள். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, முதல் பிளேஸ்டேஷனில் அதிகம் விற்ற ஆட்டம் என்று பெயர் வாங்கியது.

ஏன் இப்படி ஒரு பசி? காரணம் உண்டு. அப்போது ஜப்பானியக் கார் கம்பெனிகளுக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் இருந்தது. உள்ளூரில் விற்கிற எந்தக் காரின் சக்தியும் 280 குதிரைத் திறனைத் தாண்டாது என்று 1989 வாக்கில் ஆரம்பித்து 2004 வரை கடைப்பிடித்தார்கள். குறைந்தபட்சம் காகிதத்தில். நிஸான் ஸ்கைலைன் ஜிடிஆர் போன்ற கார்களின் இன்ஜினுக்கு அதைவிடப் பெரிய சாமர்த்தியம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். நிஜத்தில் அந்த இன்ஜினைப் பிரித்து மேய சொத்தை விற்கவேண்டும். டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு செய்ய, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். 280 எல்லாம் எந்த மூலைக்கு?

அமெரிக்கப் பையன்களுக்கு இன்னொரு ஆச்சரியம். ஸ்கைலைன் ஜிடிஆர் அவர்கள் ஊரில் விற்பனைக்கே வரவில்லை. வெளியிலிருந்து தருவிக்கலாம் என்றால் கார் பிறந்து 25 வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம். தெருவில் ஒருமுறைகூடப் பார்த்திராத காரை, அதன் உள்வயிறு வரைக்கும் அறிந்துவைத்திருந்த ஒரு தலைமுறை உருவானது. 2007ல் நிஸான் புதிய ஜிடிஆரைக் கொண்டுவந்தபோது அதன் டேஷ்போர்டில் உள்ள திரையை வடிவமைத்துக் கொடுத்ததே யாமாவுச்சியின் நிறுவனமான பாலிஃபொனி டிஜிட்டல்தான். பொம்மைக் கார்க்காரர் நிஜக் காருக்குள் புகுந்த கதை இது.

முதல் ஆட்டத்தில் சுமார் 140 கார். 1999ல் வந்த இரண்டாவதில் சுமார் 650. 2010ல் வந்த ஐந்தாவதில் ஆயிரத்துக்கும் மேல். சேர்க்கிறவன் சும்மா இருப்பானா? ஒரே மாடலில் நாலு கலர் வாங்கி நிறுத்தியவர்கள் எல்லாம் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இத்தனை வருடமும் இந்த வரிசையில் போர்ஷே கிடையாது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்கிற போட்டிக் கம்பெனி போர்ஷேவின் உரிமத்தைக் கையில் வைத்திருந்தது. அதனால் யாமாவுச்சி, ரூஃப் என்கிற ஜெர்மன் நிறுவனத்தின் கார்களை வைத்து ஒப்பேற்றினார். போர்ஷேவைத் தழுவித் தன் பெயரிலேயே கார் செய்கிற நிறுவனம் அது. போர்ஷே நிஜமாக வந்து சேர்ந்தது 2017ல்தான்.

இதற்கு என்ன அர்த்தம்? விற்கிற கடைக்காரருக்கே அந்தக் கார் சொந்தமில்லை. அவரும் பெயரையும் உருவத்தையும் வாடகைக்கு எடுத்துத்தான் கடை விரித்திருக்கிறார். ஃபோர்ஸா ஹொரைஸன் 4 என்கிற இன்னொரு பிரபலமான ஆட்டம் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. உரிமங்களின் கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆடத் தடையில்லை.

வாடகை சமாசாரம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் அன்றைக்கு அது நமக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் ஆட்டம் ஒரு வட்டில் இருந்தது. கார்கள் மெமரி கார்டில் இருந்தன. தீப்பெட்டி அளவுகூடக் கனமில்லாத சமாசாரம், 128 கிலோபைட். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போகலாம். கம்பெனியே மூடிப் போனாலும் உங்கள் கார் உங்களிடம்.

பிறகு இன்டர்நெட் வந்தது. மெமரி கார்டு போய், எங்கேயோ இருக்கிற சர்வர் வந்தது.

2022 மார்ச் மாதம் கிரான் டூரிஸ்மோ 7 வெளியானது. நானூறு கார். இரண்டே வாரம். ஒரு திருத்தம் செய்கிறோம் என்று சர்வரை நிறுத்தினார்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் கதவு திறக்கவில்லை. தனியாக ஆடுகிறவனும் தன் ஷெட்டுக்குள் போக முடியாமல் வாசலில் நின்றான். ஒருவழியாகத் திறந்தபோது, பல பந்தயங்களின் பரிசுப் பணம் குறைந்திருந்தது. கூலி குறைந்தது, விலை குறையவில்லை. அதில் மெக்லாரன் எஃப்1 காருக்கு ஒரு கோடியே 85 லட்சம் கிரெடிட். நிஜப் பணம் கொடுத்து கிரெடிட் வாங்கவும் வசதி இருந்தது. இருபது லட்சம் கிரெடிட், இருபது டாலர். கணக்குப் போடுங்கள். இல்லாத ஒரு காருக்கு 185 டாலர்!

ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கார்களின் விலை நிஜ உலகத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது தம் எண்ணம் என்றார் யாமாவுச்சி. பிறகு மன்னிப்புக் கேட்டு, ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் கொடுத்து, பரிசுகளையும் உயர்த்தினார். நிஜ உலகம் என்றால் வாங்கியதை விற்கவும் முடியவேண்டுமல்லவா? அந்த வசதி வந்தது அதே வருடம் நவம்பரில்.

இதுவாவது சண்டை போட்டு, சமாதானமான கதை. தி க்ரூ கதை வேறு.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட ஆட்டம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி உள்ளே வைத்திருந்தார்கள். காரைப் பந்தயத்துக்கு ஒரு மாதிரி, மண் பாதைக்கு ஒரு மாதிரி என்று பிரித்துப் பூட்டலாம். ஆனால் இன்டர்நெட் இல்லாமல் நகராது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அத்தனை கார்களும் அதோடு சரி. ஒன்பது வருடச் சேமிப்பு, ஒரு ஸ்விட்ச். கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிய வட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. போட்டால் ஓடாது.

கலிஃபோர்னியாவில் இருவர் வழக்குப் போட்டார்கள். நிறுவனத்தின் வாதம் ரத்தினச் சுருக்கம்: நீங்கள் வாங்கியது ஆட்டத்தை அல்ல, ஆடுவதற்கான அனுமதியை. சட்டப்படி பார்த்தால் புதிய வாதம்கூட இல்லை. இருபத்தைந்து வருடமாக எல்லா ஒப்பந்தங்களிலும் பொடி எழுத்தில் இருந்ததுதான். நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்திக்கொண்டிருந்தோம்.

ஆனால் கோபம் வீணாகவில்லை. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம். எடுத்துக்கொண்டு போக முடியாத டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்பதானால், கொடுப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில், விற்ற ஆட்டத்தைச் சாகடிக்காதே என்ற கோரிக்கையில் 2025 ஜூலையில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. யூபிசாஃப்டும் தன்னுடைய அடுத்த ஆட்டமான தி க்ரூ 2ஐ இன்டர்நெட் இல்லாமலும் ஆட வழி செய்துதர ஒப்புக்கொண்டது.

இப்போது நம் ஐந்தொகைக்கு வருவோம். மெமரி கார்டில் இருந்த கார், வலது பக்கம். தாராளமாகச் சொத்து என்று எழுதலாம். சர்வரில் இருக்கிற கார்? அது சொத்தே இல்லை சார். லாப நட்டக் கணக்கில், வாடகை என்ற தலைப்பில் வருகிற செலவு.

வாடகைக்கு இருப்பதில் தப்பில்லை. பாதி ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வாடகை என்று தெரிந்து இருக்கவேண்டும். கார் மட்டுமில்லை. உங்கள் போனில் இருக்கிற பாட்டு, படித்துக்கொண்டிருக்கிற மின்புத்தகம், காசு கட்டி வைத்திருக்கிற சினிமா... ஒருமுறை சரி பார்த்துவிடுங்கள், எந்தப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று.

1997ல் வாங்கிய மெமரி கார்டு பரணில் கிடந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு கார் நிற்கிறது. உங்களுடையது.