சான்றோலையில் பெயர், மதிப்பாய்வில் மௌனம்

இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைகளில் விளையும் ஏலக்காய்க்குத் தாவரவியலார் வழங்கும் பேரினப் பெயர் எலெட்டாரியா. 1811இல் மேட்டன் என்னும் ஆங்கிலேயர் இட்ட இப்பெயருக்கு மூலம், ஏலத்தின் மணியைக் குறிக்கும் 'ஏலத்தரி' என்ற மலையாளச் சொல். சித்த மருத்துவர் சொல்லும் 'ஏலரிசி'க்கு அது நெருங்கிய உறவு. கேரளக் காட்டுச் சொல் ஒன்று இலத்தீன் வேடம் பூண்டு உலகெங்கும் நிலைத்ததற்கு வழிவகுத்த நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. மலபாரின் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் கொச்சியிலிருந்து இதனைத் தொகுப்பித்தார். எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடிகள், அவற்றின் மருத்துவப் பயன்களோடு இதில் விளக்கப்பட்டுள்ளன.

இந்நூலின் முதல் தொகுதியில் செடிகளுக்கு முன்பாகவே சில மனிதர்கள் வருகிறார்கள். சேர்த்தலைக் கரைப்புறத்தைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20 அன்று அளித்த சான்று, அவர் எழுதிய எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. தம் வீட்டுப்பெயர், பரம்பரை மருத்துவ ஏடுகள், தம் சிகிச்சை அனுபவம் ஆகியவற்றை அவர் அதில் குறிப்பிடுகிறார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணிப் பிராமணர் மூவரின் சான்று நாகரி எழுத்தில் உள்ளது. மொழிபெயர்த்த இம்மானுவேல் கர்னெய்ரோவும் தனியே சான்றளித்தார். நூலின் செய்திகளுக்கு யார் பொறுப்பு, அவர்களுக்கு அந்தத் தகுதி எவ்வாறு வந்தது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை கூறிய பிறகே நூல் தொடங்குகிறது. பிற்காலத்தில் லின்னேயஸ் தாம் நம்பிப் பயன்படுத்திய நூல்களுள் ஒன்றாக இதனைக் கொண்டார்.

இக்கால மருத்துவ ஆய்விதழ்களில் வழங்கும் மதிப்பாய்வு முறையோடு இதனை அப்படியே ஒன்றாக்கிவிட இயலாது. இட்டி அச்சுதன் நூலுக்குச் செய்தி அளித்தவர். செய்தி அளித்தவரே அதன் உண்மைக்கும் உறுதியளித்தார். ஆயினும் அறிவுக்குச் சான்று தருபவரைத் தேடிக் கண்டடைவதும், அவர் பெயரை நூலிலேயே பொறிப்பதும் ஒரே செயலின் இரு பகுதிகளாக அன்று இருந்தன என்பது கருதத்தக்கது.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், நூலை இயற்றியவரோடு நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையையும், அங்கு நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. நூல் அரங்கேறிய களத்தையும் பாயிர இலக்கணத்தில் ஓர் உறுப்பாக நன்னூல் குறிப்பிடுகிறது. யார் முன்னிலையில் நூல் சோதிக்கப்பட்டது என்பது வாசகர் அறிய வேண்டிய செய்தியாகக் கருதப்பட்டது.

ஐரோப்பிய மருத்துவ இதழியல் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1731இல் நிறுவப்பட்ட எடின்பரோ மருத்துவக் கழகம், தனக்கு வரும் கட்டுரைகளைப் பொருளுக்கேற்ப அத்துறை வல்ல உறுப்பினர்களிடம் பகிர்ந்தளிப்பதாகவும், ஆராய்ந்தவர் யார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது என்றும் தன் வெளியீட்டின் முன்னுரையில் அறிவித்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரே ஊரில் தொழில் செய்யும் மருத்துவர்கள் ஒருவர் பிழையை மற்றவர் முகத்துக்கு நேரே சுட்டுவது அரிது. செல்வாக்குடையவரின் பிழையை இளையவர் சுட்டுவது அதனினும் அரிது. பெயர் மறைத்தது துணிவுக்கு வேலி அமைத்தது. ஆனால் அதே வேலி உழைப்பையும் மறைத்தது.

இம்முறை எல்லா இதழ்களிலும் உடனே பரவிவிடவில்லை. நெடுங்காலம் ஆசிரியரே படித்து முடிவு செய்தார். 'லான்செட்' இதழ் வெளி வல்லுநர் மதிப்பாய்வை முறையாக ஏற்றது 1976இல்தான். பிறகு ஆய்விதழ்களும் கட்டுரைகளும் பெருகியபோது மதிப்பாய்வாளர் தட்டுப்பாடு வெளிப்பட்டது. கட்டுரை எழுதியவருக்குப் பதவி உயர்வு உண்டு. அதனைப் பல மணிநேரம் சோதித்தவருக்கு ஊதியம் இல்லை, பெயரும் இல்லை. ஆண்டிறுதியில் இதழ் வெளியிடும் நன்றிப் பட்டியலே பெரும்பாலும் அவருக்குக் கிடைத்த அங்கீகாரம். சில மருத்துவ இதழ்கள் தொடர்கல்விப் புள்ளிகள் அளிக்கின்றன. மதிப்பாய்வுப் பணியைப் பதிவு செய்யும் பப்ளான்ஸ் என்னும் தளம் 2012இல் தோன்றியது. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1999 முதலே மதிப்பாய்வாளர் பெயரைக் கட்டுரையாளருக்கு வெளிப்படுத்தி வருகிறது. ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பின் எடின்பரோ வேலியில் திறக்கப்பட்ட வாயில் அது.

ஆள் கிடைக்காத நெருக்கடி மோசடிக்கும் இடம் கொடுத்தது. கட்டுரையாளரே மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தி, வல்லுநர் பெயரில் போலி மின்னஞ்சல் முகவரிகள் அளிக்கப்பட்டன. பயோமெட் சென்ட்ரல் 2015இல் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 'டியூமர் பயாலஜி' என்னும் புற்றுநோய் ஆய்விதழின் 107 கட்டுரைகள் 2017இல் திரும்பப் பெறப்பட்டன. இட்டி அச்சுதன் தம் வீட்டையும் குலத்தையும் ஏட்டையும் ஏன் எழுத வேண்டியிருந்தது என்பது இங்கே விளங்கும். பெயர் பொறிப்பது சிறப்புச் செய்வதோடு முடிவதில்லை. ஆள் உண்மையானவர்தானா என்று பிறர் சோதிக்கவும் அதுவே வழி.

இவ்வினா கேரளத்தின் தமிழ் எல்லையில் வேறொரு கூர்மை பெறுகிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் 2014இல்தான் தொடங்கப்பட்டன. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் பேசுபவை தனி மொழிகள்; தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் தமிழ்; மலைக்குடிகளான முதுவான், மன்னான் மக்களுக்குத் தத்தம் பேச்சு. இங்கெல்லாம் ஒரு நோயாய்வு நடந்தால் வினாத்தாள் மலையாளத்திலோ தமிழிலோ கேட்கப்பட்டு, விடை ஆங்கிலத்தில் அட்டவணையாகிறது. 'தளர்ச்சி', 'பசியின்மை' என்று அட்டவணையில் நிற்பது இருளப் பேச்சில் எந்தச் சொல்லாக இருந்தது என்பதைத் தொலைதூர மதிப்பாய்வாளர் அறியார். புள்ளியியல் பிழையை அவர் கண்டுபிடிப்பார். சொற்பிழை அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். பிழையான சொல்லிலிருந்து பிழையான எண் பிறக்கும். அந்த எண்ணை நம்பித் திட்டம் வகுக்கப்படும்.

அம்மொழியறிந்த மருத்துவரும் செவிலியரும் மொழியியலாரும் இப்பகுதிகளில் உள்ளனர். இதழ்களின் மதிப்பாய்வாளர் பட்டியலுக்குள் அவர்கள் எளிதில் வருவதில்லை. ஆசிரியர் குழுக்கள் ஏற்கெனவே கட்டுரை எழுதியவர்களிடையேதான் ஆள் தேடுகின்றன. எழுத வாய்ப்பில்லாதவர் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்படாதவருக்கு இதழ் உலகம் பழகுவதில்லை.

வான் ரீடின் முறையும் குறையற்றதன்று. மரமேறியும் காடலைந்தும் செடிகளைக் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் அந்தச் சான்றுகளின் வரிசையில் இடம்பெறவில்லை. அதிகாரம் கையிலிருந்த தளபதியே எவர் பெயர் அச்சேற வேண்டும் என்று முடிவு செய்தார். எனினும் கரைப்புறத்து மருத்துவர் ஒருவரின் அறிவை அவர் எழுத்திலேயே ஏற்று, அவர் பெயரோடு ஐரோப்பாவுக்கு அனுப்ப 1675இல் இயன்றது. அட்டப்பாடி ஆய்வு ஒன்றை அட்டப்பாடி அறிந்தவரிடம் அனுப்பி, அவர் உழைப்பைப் பதிவு செய்வது அதைவிடக் கடினமான செயலன்று.