நீ பிரிட்ஜெட்தானா?

மாயக்கூட்டத்தார் மனிதரைக் கவர்ந்துசென்று, அதே உருவில் தம்மவர் ஒருவரை விட்டுச்செல்வர் என்று அயர்லாந்து மக்கள் நெடுங்காலம் நம்பினர். இன்று அது தொலைக்காட்சித் தொடர்களுக்கான கதை.

டிப்பரரி மாவட்டத்தின் பாலிவாட்லியா கிராமத்தில் 1895-ஆம் ஆண்டு அது கதையாக இருக்கவில்லை. தையல் தொழில் செய்துவந்த பிரிட்ஜெட் கிளியரி, 26 வயதில் நோயுற்றுப் படுத்தாள். மருத்துவர் வந்து பார்த்தார். ஆயினும் கணவன் மைக்கேல், கிடப்பவள் தன் மனைவியல்லள், மாற்றாள் என்றான். உறவினர் அவளை அழுத்திப் பிடிக்க, மூலிகைச் சாற்றை வாயில் புகட்டி, தேவனுடைய நாமத்தில் நீ பிரிட்ஜெட்தானா என்று மும்முறை கேட்டனர். தகப்பனாரும் உடனிருந்தார். திருநாமமே அங்கே சித்திரவதையின் கருவியாயிற்று, கவனியுங்கள்.

மார்ச் 15 இரவு மைக்கேல் அவளை எரித்தான். அன்று காலையில்தான் பாதிரியார் அவ்வீட்டில் திருப்பலி நிறைவேற்றியிருந்தார். இதை என்னால் எளிதில் கடந்துபோக இயலவில்லை.

மெய்யான மனைவி வெள்ளைக் குதிரைமீது வருவாளென்று அவன் பழங்கோட்டை மேட்டில் இரவுகளில் காத்திருந்தான். மார்ச் 22 அன்று காவலர், ஆழமற்ற குழியொன்றில் அவளுடைய கருகிய உடலைக் கண்டெடுத்தனர்.