தலைக்கு எட்டு ஷில்லிங்

ஓர் உபாத்தியாயரின் தராதரத்தை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்விக்கு, 1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சர்க்கார் தனக்குச் சௌகரியமான ஒரு விடையைக் கண்டுகொண்டது. கல்வி இலாகாவை நிர்வகித்து வந்த ராபர்ட் லோ, ஆரம்பப் பள்ளிகளுக்கான மானியம் ஆண்டுதோறும் பெருகி வருவதைக் கண்டு கவலையுற்று, இனிப் பலனைப் பார்த்தே பணம் கொடுப்பது என்று விதி வகுத்தார். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பரீக்ஷையின் பேரில் எட்டு ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் எதில் தவறினாலும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் குறைந்துவிடும்.

அதற்கு முன் நிலைமை வேறு. 1839-இல் முதன்முதலாக நியமனம் பெற்ற இன்ஸ்பெக்டர்களுக்கு, உபாத்தியாயரை அடக்கியாள்வதற்கல்ல, அவருக்குத் துணை செய்வதற்கே செல்கிறீர்கள் என்ற கருத்தில் உத்தரவு பிறந்திருந்தது. அவர்கள் வகுப்பில் அமர்ந்து பாடம் நடப்பதைக் கவனித்து, கண்டதை எழுதி, யோசனையும் கூறி வந்தார்கள். புதிய விதி வந்தபின், இன்ஸ்பெக்டர் பெயர்ப் பட்டியலை மேஜைமீது விரித்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, நாலு வரி வாசிக்கச் சொல்லித் தேறியவர் தவறியவர் என்று குறித்துப் போனாரேயன்றி, உபாத்தியாயர் வாய் திறந்து கற்பிப்பதைக் கேட்க அவருக்கு அவகாசமே இல்லை. பாடப் புத்தகம் முழுவதையும் நெட்டுருப் போட்டிருந்த குழந்தை, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தங்குதடையின்றி ஒப்பித்தது. வராத பிள்ளைக்குப் பணமில்லையாதலால், காய்ச்சலில் கிடந்த சிறுவர்களையும் அன்றைக்குப் பள்ளிக்குக் கொண்டு வந்தார்கள். உபாத்தியாயரின் ஊதியமும் பல இடங்களில் அந்த மானியத்தையே நம்பியிருந்தபடியால், அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

1851 முதல் 35 ஆண்டுகள் இன்ஸ்பெக்டராக உழைத்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, தாம் ஊழியம் செய்த இலாகாவின் இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். பள்ளியின் அறிவு ஜீவனே வற்றிவிட்டது என்று பின்னரும் தம் அறிக்கைகளில் முறையிட்டார். 1864-இல், இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் இலாகாவுக்குப் பிடிக்காத பகுதிகள் வெட்டப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு பார்லிமெண்டில் எழுந்து, கண்டனத் தீர்மானமும் நிறைவேறி, லோ பதவி துறக்க நேர்ந்தது. விசாரணைக்குப் பிறகு அந்தக் கண்டனத் தீர்மானம் ரத்தாயிற்று என்பதையும் சொல்வதே நியாயம். நமது சென்னை ராஜதானியிலும் இந்த முறை கால் கொண்டது. இந்தியக் கல்வியை ஆராய்ந்த 1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷனும் ஆரம்பக் கல்விக்கு அதையே பெரும்பாலும் ஆதரித்தது.

இங்கிலாந்தில் 1890-க்குப் பின் அது படிப்படியாகத் தளர்ந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தது. ஆயினும், முப்பதாண்டு அதில் பழகிய உபாத்தியாயர்கள், கிடைத்த சுதந்திரத்தைக் கையாளத் தெரியாமல் திகைத்தார்கள் என்று, நெடுங்காலம் இன்ஸ்பெக்டராயிருந்த எட்மண்ட் ஹோம்ஸ் 1911-இல் வெளியிட்ட நூலில் வருந்துகிறார். அதே நூலில் அவர் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியையைப் போற்றுகிறார். ஸஸெக்ஸ் பிராந்தியத்துச் சாம்ப்டிங் கிராமத்தில் பாடங்களை நாடகமாக்கிக் கற்பித்த ஹாரியட் ஃபின்லே-ஜான்ஸனே அவர். அவருடைய பெருமைக்கு ஹோம்ஸ் காட்டும் சான்று மதிப்பெண் பட்டியல் அன்று. பிள்ளைகள் தாமே சரித்திரக் காட்சிகளை அமைத்து நடித்ததும், வேண்டிய விஷயங்களைத் தாமே தேடிக்கொண்டதும், அந்த வகுப்பறைக்குள் அவர் கண்ணாரக் கண்டவை.